மூட்டையைப் படி, பிறகு பிரி

காரைக்கால் பக்கம் ஒரு சிற்றூர். சம்பா நடவுக்கு வயல் தயாராகிக் கொண்டிருந்தது. வேலு சைக்கிளில் ஓர் உர மூட்டையைக் கொண்டு வந்து திண்ணையில் இறக்கினார்.

"காம்ப்ளக்ஸ் வாங்கிட்டேன் லட்சுமி. நாளைக்குக் கடைசி உழவுல போட்டுடலாம்" என்றார்.

லட்சுமி மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் படிக்கிறாள். மூட்டை மேல் இருந்த எண்களை விரல் வைத்துப் படித்தாள். "20... 20... 0... 13."

அவள் முகம் மாறியது. உள்ளே போய் மண்வள அட்டையை எடுத்து வந்தாள்.

"என்னங்க, நம்ம வயல்ல சாம்பல் சத்து குறைவுன்னு இதுல இருக்கு. இந்த மூட்டையில சாம்பல் சத்து சைபர்னு போட்டிருக்கே!"

"எல்லா மூட்டையும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார் வேலு.

அவர் சொன்னது உண்மைதான். 2022-ஆம் ஆண்டு முதல் மானிய உரங்களுக்கு எல்லாம் 'பாரத்' என்ற ஒரே பெயர் வந்தது. மூட்டைகளும் ஒன்றுபோல் இருக்கும். வேறுபாட்டை எண்கள்தான் சொல்லும்.

வேலுவுக்குப் போன வருடம் நினைவுக்கு வந்தது. பயிர் பச்சையாக இருக்கட்டும் என்று யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டார். பயிர் கரும்பச்சையாக வளர்ந்தது. இலைச் சுருட்டுப் புழு வந்தது. ஒரு காற்று மழையில் பாதி வயல் சாய்ந்தது. அந்தக் கடனுக்கு வைத்த தோடு இன்னும் அடகில் இருக்கிறது.

எண்கள் சொல்வது என்ன?

முதல் எண் தழைச்சத்து. இது இலையையும் தூரையும் வளர்க்கும். அளவு மீறினால் பயிர் சாயும். பூச்சியும் நோயும் கூடும்.

இரண்டாம் எண் மணிச்சத்து. இது வேர் பிடிக்க உதவும்.

மூன்றாம் எண் சாம்பல் சத்து. இது தண்டுக்கு வலு தரும். நோயைத் தாங்க வைக்கும். மணி திரளும்.

நான்காவது எண் இருந்தால் அது மற்றொரு சத்து. 20-20-0-13 உரத்தில் 13 என்பது கந்தகச் சத்து.

100 கிலோ உரத்தில் எத்தனை கிலோ சத்து இருக்கிறது என்பதையே எண்கள் காட்டுகின்றன. யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. டி.ஏ.பி.யில் 18 கிலோ தழைச்சத்து, 46 கிலோ மணிச்சத்து. பொட்டாஷில் 60 கிலோ சாம்பல் சத்து.

மண்ணுக்கும் உணவு

ரசாயன உரம் மட்டும் போதாது. தொழு உரம் மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும். தக்கைப்பூண்டு, சணப்பை ஆகியவற்றைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். அசோஸ்பைரில்லம் போன்றவை உயிர் உரங்கள். உயிர் உரத்தை ரசாயன உரத்தோடு கலக்கக் கூடாது.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. பிரித்துப் பிரித்து இட வேண்டும். தேங்கிய நீரை வடித்துவிட்டு இட வேண்டும். பெருமழை வரும்போது இட்டால் உரம் வாய்க்காலோடு போய்விடும். பணமும் போகும், குளத்து நீரும் கெடும்.

வாளி வேண்டாம், அத்தை!

அன்று மாலை மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு வாளியை எடுத்தார். லட்சுமி ஓடி வந்தாள். "அத்தை, அது யூரியா கரைச்ச வாளி. வேண்டாம்!"

யூரியா கலந்த நீரைக் குடித்தால் மாட்டுக்கு வயிறு உப்பும், உடல் நடுங்கும். சிறிது நேரத்தில் உயிரே போகலாம். அப்படி நேர்ந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

நினைவில் வைப்போம்:

• உர மூட்டையைப் பலகை மேல் அடுக்குவோம். குழந்தைக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வைப்போம்.
• யூரியா பார்க்க உப்புப் போல இருக்கும். சமையல் அறையில் வைக்க மாட்டோம்.
• கையுறை போட்டு, காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி உரம் இடுவோம்.
• இடும்போது பீடி, வெற்றிலை, சாப்பாடு வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.
• காலி உரச் சாக்கில் அரிசி, தவிடு கட்டி வைக்க மாட்டோம்.

மறுநாள் இருவரும் ரசீதோடு கடைக்குப் போனார்கள். மூட்டை பிரிக்காமல் இருந்ததால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை எண்களை உரக்கப் படித்தவர் வேலு. "10... 26... 26."

பயிற்சி

1. லட்சுமி மூட்டையை ஏன் பிரிக்க விடவில்லை?
2. 50 கிலோ மூட்டையில் 10-26-26 என்று உள்ளது. அதில் சாம்பல் சத்து எத்தனை கிலோ?
3. உங்கள் வீட்டில் உள்ள உர மூட்டையின் எண்களைப் படித்து எழுதுங்கள்.
4. உங்கள் வயலின் மண்வள அட்டையில் எந்தச் சத்து குறைவு?