வீட்டுக் கணனிக்கு ஏற்ற இயங்குதளம் எது?



கணனியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து, ஏனைய மென்பொருள்கள் இயங்க இடமளிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐப் பழைய கணனிகள் பல ஏற்பதில்லை. "புதிய கணனி வாங்கத்தான் வேண்டுமா?" என்று பெற்றோர் எம்மிடம் வினவுகின்றனர். "வேறு இயங்குதளத்தில் விளையாட முடியுமா, சேர்?" என்று பிள்ளைகள் வினவுகின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இப்பாடம்.

திறந்த மூலம்

சில சமையற்காரர் தம் கைப்பக்குவத்தை எவருக்கும் சொல்லார். வேறு சிலரோ அயலவர்க்கும் எழுதிக் கொடுப்பர். திறந்த மூல மென்பொருள் இரண்டாம் வகையினது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல், தமது 21ஆவது வயதில், லினக்ஸை வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு 2004இலும், லினக்ஸ் மின்ட் 2006இலும் வெளிவந்தன. இரண்டும் இலவசமானவை.

அன்றாடப் பயன்பாடு

இணையம், மின்னஞ்சல், பாடசாலைக் கட்டுரைகள் ஆகியவற்றுக்கு இவை தாராளமாகப் போதும். லிப்ரே ஓபிஸ் மென்பொருளில் கட்டுரை எழுதலாம். தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். திரையிலுள்ள கட்டளைகள் பலவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியுள்ளனர். விடுபட்டவற்றைத் தமிழாக்க நம் மாணவரும் முன்வரலாம். எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டு

விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் புரோட்டன் என்னும் மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியும் லினக்ஸிலேயே இயங்குகின்றது. மைன்கிராப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பும் லினக்ஸில் இயங்கும். ஆயின் போர்ட்நைட், வலோரன்ட் ஆகியவற்றின் மோசடித் தடுப்பு முறை லினக்ஸை ஏற்பதில்லை. அவையே வேண்டுமெனில் விண்டோஸை விடாதிருத்தல் நன்று.

வரைகலை அட்டையையும் கவனித்தல் வேண்டும். நமக்கு அயலிலுள்ள மார்க்கம் நகரில் வளர்ந்த ஏரிஐ நிறுவனத்தை ஏஎம்டி 2006இல் வாங்கியது. ஏஎம்டி, இன்ரெல் ஆகியவற்றின் அட்டைகளுக்கான இயக்கிகள் திறந்த மூலமாக லினக்ஸுடனேயே வருகின்றன. என்விடியா அட்டையாயின் அதற்குரிய இயக்கியைப் பெரும்பாலும் தனியாக நிறுவுதல் வேண்டும்.

தெரிவு செய்யும் முறை

1. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பயன்படுத்தும் மென்பொருள்களையும் விளையாட்டுகளையும் பட்டியலிடுக.

2. அவை ஒவ்வொன்றும் லினக்ஸில் இயங்குமா என விசாரித்தறிக.

3. இயங்குதளத்தை 8 ஜிகாபைட் யூஎஸ்பி குச்சி ஒன்றில் ஏற்றி, கணனியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்குக. பழைய கணனிக்கு மின்ட் ஏற்றது. 4 ஜிகாபைட் நினைவகம் இருத்தல் நன்று.

4. நிறுவுமுன் கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்குக.

நான்காவதை நாம் பட்டறிந்தே எழுதுகின்றோம். முதன்முறை லினக்ஸை நிறுவியபோது படியெடுக்க மறந்தோம். ஊரில் நாம் கற்பித்த வகுப்புகளின் நிழற்படங்கள், பல நாடுகளிலும் சிதறி வாழும் பழைய மாணவர்கள் தேடி அனுப்பியவை, ஒரு நொடியில் அழிந்தன. மீண்டும் கேட்டுப் பெற்றவை சில, கிடைக்காதவை பல. பிழை கணனியினுடையதன்று, எம்முடையதே. இயங்குதளத்தை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். அழிந்த படத்தை எங்கே தேடுவது?

பயிற்சி

அ. திறந்த மூல மென்பொருளின் இயல்புகள் மூன்று தருக.

ஆ. உமது வீட்டுக் கணனிக்கு ஏற்ற இயங்குதளம் எது? பெற்றோருடன் கலந்து, காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.