கிரிவலத்துக்குக் கால்கள் தயாரா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரமாவது ஆகும். பெரும்பாலோர் நடப்பது வெறுங்காலில். பழகாத பாதம் பாதி வழியிலேயே கொப்பளித்துவிடும். இரண்டு வாரம் முன்பிருந்தே மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர்களுக்கு அந்த அவதி குறைவு. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சிறு கல் குத்தினாலும் தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறுங்காலில் இறங்கவே கூடாது.

பகலில் தார்ச்சாலை சுடும். அதிகாலையோ இரவோ நல்லது.

இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை அட்ட லிங்கங்களும் இளைப்பாற ஏற்ற இடங்கள். தண்ணீரை அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய சீட்டு கட்டாயம் இருக்கட்டும்.