பாதியில் விட்ட படிப்பா? டிசியில் தொடங்குங்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எட்டாவதோடு நின்று, சென்னை பஸ் ஏறிக் கடை வேலைக்குப் போனவர்கள் உண்டு. திரும்பப் படிக்க நினைத்தால் எடுத்த எடுப்பில் டுடோரியலில் பணம் கட்டாதீர்கள். பழைய பள்ளிக்குப் போய் டிசி வாங்குங்கள். அதிலுள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மார்க் ஷீட் வந்தபின் ஓர் எழுத்தைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எட்டாவது தேறி, பதினான்கரை வயது நிரம்பியிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம். பலர் கோட்டைவிடுவது அறிவியல் செய்முறையில்தான். அதற்குத் தனியே பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளியில் 80 சதவீத வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது அலைந்து பயனில்லை. ஏற்கெனவே எழுதி ஃபெயிலானவர்களுக்குத் தவறிய பாடம் மட்டும் போதும்.

கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிறவர்களுக்கு என் சிபாரிசு அரசு ஐடிஐ. (அங்கும் கணக்கு உண்டு, ஆனால் கம்பி அளக்கிற கணக்கு.) வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. 2 ஆண்டு முடித்து, பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளில் தேறினால் பத்தாவதுக்கு இணைச் சான்று கேட்கலாம்.

‘பிளஸ் டூ வேண்டாம், நேரே டிகிரி’ என்ற நோட்டீஸைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். தமிழக அரசு வேலைக்கு 10, 12, பிறகு பட்டம் என்ற வரிசைதான் செல்லும்.