பங்குச் சந்தைக்கு மற்றொரு வழி

கெலாங் பாத்தாவில் கைப்பேசி வழி வாடகைக் கார் அழைப்போர் கிராப் நிறுவனத்தை நன்கு அறிவர். 2012ஆம் ஆண்டு மலேசியாவில் 'மைதெக்சி' என்னும் பெயரில் தொடங்கிய அச்சேவை, 2021 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அது வழக்கமான முறையில் சந்தைக்குள் நுழையவில்லை. தனக்கெனத் தொழில் ஏதுமின்றி, முதலீட்டாளர்களின் பணத்தை மட்டும் வைத்திருந்த அல்டிமீட்டர் குரோத் என்னும் பட்டியலிடப்பட்ட நிறுவனத்துடன் இணைந்தது.

இத்தகைய இணைப்புக்கு வல்லுநர் பலரின் துணை தேவை. தணிக்கையாளர் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்ப்பார். வழக்கறிஞர் ஒப்பந்தங்களையும், மறைந்திருக்கும் கடன்களையும், நிலுவையிலுள்ள வழக்குகளையும் ஆராய்வார். முதலீட்டு வங்கியர் நிறுவனத்தின் மதிப்பைக் கணித்து, இணைப்பின் விதிமுறைகளைப் பேசி முடிக்க உதவுவர்.

இவர்களுக்குக் கட்டணம் தருவது நிறுவனமே. ஆயினும், இவர்களின் சொல்லை நம்பிப் பணம் போடுவோர் பொதுமக்கள். ஒருவர் கடமை தவறினாலும் எளியவரின் சேமிப்பு கரையும். எனவே, திறமையோடு நேர்மையும் இவர்களுக்கு இன்றியமையாதது.

எல்லாம் முறையாக நடந்தாலும் ஆதாயம் உறுதியன்று. கிராப் பங்கின் விலை முதல் நாளிலேயே 20 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ஆகவே, அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே முதலீடு செய்வது அறிவுடைமையாகும்.