பாட்டி டப்பாவில் வெள்ளிக் காசு இருக்கா?

தங்கச்சிங்களா, தோட்டத்து லயத்தை விட்டு தஞ்சோங் ரம்புத்தானுக்குக் குடிவந்தப்போ பாட்டி தூக்கிட்டு வந்த தகர டப்பா இன்னும் அலமாரி மேல கிடக்குதா? கொட்டிப் பாருங்க. ஆனா அதில் இருக்கிற காசைப் புளி, சாம்பல், பற்பசைன்னு எதையும் போட்டுத் தேய்க்காதீங்க! அதெல்லாம் குத்துவிளக்குக்குத்தான். காற்றில் இருக்கிற கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்குது. சேகரிக்கிறவங்க அந்தக் கறுப்பைக் குறையா நினைக்க மாட்டாங்க. தேய்ச்ச கீறல் லென்ஸில் தெரிஞ்சா விலை அதோட போச்சு. மண் ஒட்டியிருந்தா வெறும் தண்ணியில் ஊறவச்சு, துணியால் ஒத்தி எடுங்க.

அடுத்தது எடை. சின்ன நகைத் தராசு போதும். ஏழாம் எட்வர்ட் தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், 1903, 1904ன்னு இருந்தா 26.95 கிராம் நிக்கணும். அதில் 90 விழுக்காடு வெள்ளி. வெள்ளி விலை ஏறினதால் 1907இல் 20.21 கிராமாக் குறைச்சிட்டாங்க. 1919இல் 16.85 கிராம், வெள்ளியும் பாதிதான். ஆண்டும் எடையும் ஒத்துவரலைன்னா சந்தேகப்படுங்க. சூலம் பிடிச்ச பிரிட்டானியா நிக்கிற வர்த்தக டாலரும் 26.95தான். அதில் போலி ஏராளம். காந்தத்தில் ஒட்டினா போலியேதான். ஒட்டலைங்கிறதாலேயே அசல்னு முடிவு கட்டிடாதீங்க.

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட மலாயா பத்து காசில் 1939, 1941ன்னா முக்கால் பங்கு வெள்ளி; 1943, 1945ன்னா பாதி. 1948லிருந்து வெள்ளியே கிடையாது.

தரம் பார்க்க மேடான இடத்தைப் பாருங்க, அதுதான் முதல்ல தேயும். எட்வர்ட் காசில் கிரீடத்து மணிகள், காது, தாடி. பிரிட்டானியாவுக்கு மார்பும் கேடயமும். தாடி முடி இழை இழையாத் தெரிஞ்சா நல்ல தரம். முகம் மொழுக்குன்னு இருந்தா அரிய ஆண்டா இருந்தாலொழிய வெள்ளி விலைதான். காசுமாலைக்காகக் கொக்கி பத்தவச்சதுக்கும் அதே கதிதான். அதை விக்காம பேத்தி கழுத்துக்கு வச்சிருக்கலாம்னு நான் சொல்வேன்.

சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீங்க. பிவிசி நாளாவட்டத்தில் பச்சையாப் பிசுபிசுக்கும். மைலார் உறை கேட்டு வாங்குங்க.

ஈப்போ ஞாயித்துக்கிழமைச் சந்தைக்கோ நகைக்கடைக்கோ எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காசோட ஆண்டையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதி, ரெண்டு பக்கமும் படம் எடுத்து வச்சுக்கோங்க. முதல் ஆள் சொல்ற விலைக்கே கொடுத்துடாதீங்க.