ஈய எழுத்துகள் ஏற்றிய விளக்கு

மனிதனின் கண்டுபிடிப்புகள் எண்ணில் அடங்கா. தீ அவன் குளிரைப் போக்கியது. ஏர் அவன் வயிற்றை நிறைத்தது. சக்கரம் தொலைவைச் சுருக்கியது. நீராவி எந்திரம் அவன் தோள் சுமையை இறக்கி வைத்தது. இவையெல்லாம் உடலின் உழைப்பைக் குறைத்தவை. மனித மனத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. காலையில் நாளிதழாகவும், வகுப்பில் பாடநூலாகவும், கோயிலில் செபப் புத்தகமாகவும், இப்போது இந்த ஆண்டு மலராகவும் நம் கைக்கு வருவது அதுவே. அதுதான் அச்சுக்கலை.

அது எவ்வாறு பிறந்தது? நம் தமிழை எவ்வாறு வந்தடைந்தது? வந்த பின்னும் பெண்களாகிய நம் கைக்கு எட்ட ஏன் இத்தனை காலம் ஆயிற்று? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்போம்.

அச்சுக்கு முன்

மெசப்பொத்தேமியர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஈரக் களிமண் பலகையில் எழுதினர். எகிப்தியர் பாப்பிரஸ் என்னும் நாணலைத் தாளாக்கினர். ஐரோப்பியர் ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி எழுதினர். நம் முன்னோருக்குப் பனையோலை கை கொடுத்தது. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி எழுதினர்; எழுத்து தெரியும்படி மேலே கரி பூசினர்.

ஆனால் ஓலைக்கு வயது உண்டு. கறையானும் ஈரமும் அதற்குப் பகை. ஓர் ஏடு மடியுமுன் மற்றோர் ஏட்டில் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால், அச்சொல் பின்வரும் படிகளிலும் விடுபட்டே போகும். ஐரோப்பாவிலும் இதே நிலைதான். துறவு மடங்களில் அமர்ந்து ஒரு முழுத் திருவிவிலியத்தைக் கையால் எழுதி முடிக்க ஓராண்டுக்கும் மேல் ஆகும். ஆகவே நூல் என்பது செல்வர் வீட்டிலும் மடங்களிலும் அரண்மனையிலும் இருக்கும் பொருளாயிற்று. ஏழைக்குக் காதால் கேட்ட அளவே கல்வி.

மைன்ஸ் நகரத்துப் பொற்கொல்லர்

அச்சின் தொடக்கத்தைக் கிழக்கில்தான் தேட வேண்டும். சீனர் மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றினர். கி.பி. 868-இல் அவ்வாறு அச்சான வைரச் சூத்திரம் என்னும் பௌத்த நூல் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகிறது. சுமார் 1040-இல் பி செங் என்னும் சீனர் களிமண்ணால் தனித்தனி எழுத்துகள் செய்தார். 1377-இல் கொரியாவில் உலோக எழுத்துகளால் ஒரு நூல் அச்சாயிற்று.

ஐரோப்பாவில் இக்கலையைத் தொழிலாக்கியவர் ஜெர்மனி நாட்டு மைன்ஸ் நகரத்தவரான யோகான்னஸ் கூட்டன்பர்க். பொற்கொல்லர் தொழில் அறிந்த அவருக்கு உலோகத்தின் குணம் தெரியும். ஈயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமணியும் சேர்த்து உருக்கினால், அது எளிதில் உருகும், அச்சில் ஊற்றியதும் விரைவில் இறுகும், அழுத்தத்தையும் தாங்கும். இக்கலவையில் எழுத்துகளை வார்த்தார். உலோகத்தில் ஒட்டும்படி எண்ணெய் கலந்த மையைச் செய்தார். திராட்சைப் பழம் பிழியும் திருகாலையைப் போன்ற ஒரு பொறியில் தாளை அழுத்தினார். தனித்தனியே பார்த்தால் இவற்றில் பல பழையவை. அனைத்தையும் ஒன்றுசேர்த்த சிந்தனையே புதியது.

ஒரு பக்கம் அச்சானபின் எழுத்துகளைக் கலைத்து அடுத்த பக்கத்துக்குக் கோக்கலாம். இதில்தான் அவருடைய முறையின் வெற்றி இருக்கிறது. 1455-ஆம் ஆண்டளவில் அவர் அச்சிட்ட திருவிவிலியத்தில் பெரும்பாலான பக்கங்களில் 42 வரிகள். ஏறத்தாழ 180 படிகள் அச்சாயின. அவற்றின் சில தாள்களைப் பற்றி அறிந்த ஏனியா சில்வியோ பிக்கொலோமினி, எழுத்து மிகத் தெளிவாக இருப்பதால் மூக்குக் கண்ணாடி இன்றியே படிக்கலாம் என்னும் கருத்தை 1455-இல் ஒரு கர்தினாலுக்கு எழுதினார். அவரே 1458-இல் இரண்டாம் பயஸ் என்னும் பெயரில் திருத்தந்தை ஆனார். கூட்டன்பர்க்கோ கடன் வழக்கில் தோற்று, தம் அச்சுக் கருவிகளையே இழந்தார். ஆயினும் அவர் மூட்டிய சுடர் அணையவில்லை. 1500-ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பாவில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களில் அச்சகங்கள் தோன்றிவிட்டன.

தமிழ் அச்சேறிய கதை

இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறிய பெருமை தமிழுக்கே உரியது. 1554-இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் தமிழ் ஞானோபதேச நூல் ஒன்று அச்சாயிற்று. ஆனால் அதில் மொழிதான் தமிழ், எழுத்து இலத்தீன்.

1556-இல் கோவாவுக்கு ஓர் அச்சுப்பொறி கப்பலில் வந்து இறங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, புனித சவேரியார் உழைத்த முத்துக்குளித்துறைக்கு அண்டிரிக் அடிகளார் என்னும் இயேசு சபைத் துறவி வந்திருந்தார். 1546-இல் போர்ச்சுகலிலிருந்து இந்தியா வந்த அவர், 1600-இல் இறந்தார். மீனவ மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். பிறர் கற்பதற்காக இலக்கணமும் எழுதினார். தமிழ் நூல் அச்சாக வேண்டும் என்று அவர் விரும்பியபோது, பொருளுதவி செய்தவர்கள் அக்கடற்கரைப் பரதவ மக்கள். கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள் தமிழ் எழுத்துக்குக் கொடுத்த காணிக்கை அது!

1578 அக்டோபர் 20-ஆம் நாள், இன்று கேரளத்தில் உள்ள கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி எழுத்துகளில் இந்நாட்டில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் இதுவே முதலாவது. அதன் படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

அச்சிடுவோருக்குத் தமிழ் எளிதாக இருக்கவில்லை. இலத்தீன் எழுத்துகள் முப்பதுக்கும் குறைவு. நமக்கோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆக 247. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதுவர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் விளங்காது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவராகவே வாழ்ந்த வீரமாமுனிவர், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வெவ்வேறு வடிவம் அமைத்தார். நாம் இன்று தடையின்றிப் படிப்பதற்கு அவரும் ஒரு காரணர்.

தரங்கம்பாடியில் லுத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர்! பொறையாற்றில் தாள் செய்யவும் முயன்றனர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

ஏட்டிலிருந்து புத்தகத்துக்கு

1812-இல் திருக்குறள் மூலம் முதன்முறையாக அச்சேறியது. 1835-இல் அரசு தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, தமிழ்ப் புலவர்களே அச்சுப் பணியில் பெருமளவில் இறங்கினர். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் உழைப்பு மறக்கத் தக்கதன்று. உ. வே. சா. ஊர் ஊராக நடந்து, பரண்களில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடினார். சீவக சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பசித்தவர்க்கு உணவிட்ட மணிமேகலையை இன்று நாம் பாடமாகப் படிக்கிறோமே, அச்சு இல்லையேல் அவள் கறையானுக்கே இரையாகியிருக்கக் கூடும்.

வாசலில் நின்ற பெண்கள்

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தமிழ் அச்சேறியது 1578-இல். அதற்கு 323 ஆண்டுகள் கழித்து, 1901-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயிரத்துக்கு ஆறு பேர்! நூல்கள் இருந்தன, அச்சகங்கள் இருந்தன, பெண்ணின் கையில் மட்டும் புத்தகம் இல்லை. கருவி வந்துவிட்டால் வாழ்வு தானே மாறிவிடும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இக்குறையை உணர்ந்தவர்களுள் ஒருவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கரான அவர் 1879-இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரமே தமிழின் முதல் நாவல். அதன் நாயகி ஞானாம்பாள் கல்வியும் மதிநுட்பமும் உடையவள். பெண்மதிமாலை என்னும் நூலிலும் அவர் பெண் கல்வியை வற்புறுத்தினார்.

அந்த 1901-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் மணம் முடிந்தது, பள்ளிக்குச் செல்லவில்லை. தாம் வாயால் சொல்ல, தோழி எழுத, முதல் நாடகத்தை உருவாக்கினார். பின்பு தாமே எழுதப் பழகினார். 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். வாசலில் நின்ற பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தால் என்ன நிகழும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

அக்கதவை மற்றப் பெண்களுக்குத் திறந்தவை பள்ளிகள். வீடு வீடாகச் சென்று பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி கேட்ட அருட்சகோதரியரும், ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் அனுப்பிய தாய் தந்தையரும் செய்த புரட்சி அது. கூட்டன்பர்க் எழுத்தை வார்த்தார். அவ்வெழுத்தை நம் கைபிடித்து எழுதவைத்தவர்கள் இவர்களே.

இருபுறமும் கூரான கத்தி

அச்சு நன்மையை மட்டும் பரப்பியதா? இல்லை. 1486-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் சூனியக்காரிகளை ஒடுக்க வழிகூறும் நூலொன்று அச்சாகிப் பல பதிப்புகள் கண்டது. சூனியக்காரிகள் என்று பழிசுமத்தி ஐரோப்பாவில் கொல்லப்பட்டவருள் பெரும்பாலோர் பெண்கள். அறிவை ஆயிரம் படியாக்கும் பொறி, அறியாமையையும் ஆயிரம் படியாக்கும். நன்மையா தீமையா என்று பொறிக்குத் தெரியாது. மனிதன்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து, லை, னை, ணா, றா போன்ற எழுத்துகள் ஒழுங்கான வடிவம் பெற்றன. ஈய எழுத்தைக் கையால் கோத்த இடத்தில் கணினி வந்தது. இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் அச்சகத்துக்கு உரிமையாளர். அக்கால அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தாமல் ஒரு பக்கமும் வெளிவராது. நாமோ நமக்கு வந்த செய்தியை ஒருமுறைகூடச் சரிபாராமல் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். "இது உண்மையா? இதனால் ஒருவர் பெயர் கெடுமா?" என்று கேட்பதே நம் காலத்து மெய்ப்புத் திருத்தம்.

அன்பு மாணவியரே, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயது நிறைந்த பெண்களுள் நூற்றுக்கு எழுபத்து மூன்று பேர் எழுத்தறிந்தவர்கள். ஆயிரத்துக்கு ஆறு என்ற நிலையை எண்ணினால் இது பெரும் பயணம். ஆனால் மீதி இருபத்தேழு பேர் யார்? நம் வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். தெருவில் பூ விற்கும் அக்காவாக இருக்கலாம். வங்கிப் படிவத்தை நீட்டி, "கொஞ்சம் எழுதிக் கொடு தாயி" என்று நம்மிடம் கேட்கும் அம்மாவாக இருக்கலாம். அவர்களுக்காகப் படிவத்தை எழுதிக் கொடுப்பது உதவி. அவர்கள் பெயரை அவர்களே எழுதக் கற்றுக்கொடுப்பது தொண்டு.

இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒருவருக்கு, ஒருவருக்கேனும், எழுத்தறிவிப்போம். "அ" என்னும் முதல் எழுத்தை அவர்கள் தம் கையால் எழுதும் நாளில்தான், கொல்லத்தில் வார்த்த ஈய எழுத்துகளின் பணி நம்மால் ஓர் அடி முன்னேறும்.