சைலன்சருக்கு எந்தப் பெயின்ட்?

மோட்டார் சைக்கிள் சைலன்சருக்குக் கறுப்புப் பெயின்ட் கேட்பவரிடம், "எந்தப் பகுதிக்கு?" என்றே நான் முதலில் கேட்பேன். எஞ்சினை ஒட்டிய குழாய்தான் அதிகம் சூடாகும். சாதாரண எனாமல் அங்கே கருகி உரிந்துவிடும். சுமார் 600 பாகை செல்சியஸ் தாங்கும் சிலிக்கோன் பெயின்டே பொருத்தம். செராமிக் பூச்சு இன்னும் நீடிக்கும், செலவு அதிகம். குரோம் பளபளக்கும், சூட்டில் நீலம் படரும்.

துருவையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி, மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். அடியில் சாதாரண பிரைமர் கூடாது. காய்ந்தபின் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, ஆறவிட்டு, மீண்டும் சூடாக்கினால்தான் பூச்சு இறுகும்.

விற்கும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள். பெயின்ட் உரிந்தால் கம்பனியின் பெயரல்ல, நமது கடையின் பெயர்தான் கெடும்.